ஒரே பூச்சு பெயிண்டில் பிளெண்டிங்: எந்த மினியேச்சருக்கு எந்த முறை?

மேசை விளையாட்டு மினியேச்சர் பொம்மைகளுக்குப் பூச காண்ட்ராஸ்ட், ஸ்பீட்பெயிண்ட், எக்ஸ்பிரஸ் கலர் போன்ற ஒரே பூச்சு பெயிண்டுகளை வாங்கிய புதிதில் யாருக்கும் பிளெண்டிங் (ஒரு நிறம் இன்னொன்றாகக் கோடு தெரியாமல் மாறுவது) பற்றிய கவலை வராது. வெளிர்நிற பிரைமர் (முதல் அடிப்பூச்சு) அடித்த மாடல் மேல் தாராளமாக ஒரு பூச்சு பூசினால் போதும், பள்ளங்களில் நிழலும் மேடுகளில் வெளிச்சமும் தானாகவே விழுந்துவிடும். சங்கிலிக் கவசம், மிருகத்தோல், மடிப்பு விழுந்த துணி இவற்றிலெல்லாம் அது அருமையாக வேலை செய்யும். ஸ்பேஸ் மரீன் என்ற கவச வீரனின் தோள்கவசம் மாதிரி வழவழப்பான பரப்புக்கு வந்ததும்தான் சிக்கல். ஓரத்தில் ஒரு கறைக்கோடு, நடுவில் ஒரு திட்டு, கீழ்விளிம்பில் தேங்கிய ஒரு சொட்டு என்று காய்ந்து நிற்கும்.

அந்த இடத்தில் என்ன செய்வது என்பதற்கு நான்கைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாமே நல்ல வழிகள்தான், ஆனால் எல்லாம் எல்லா மாடலுக்கும் ஆகாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படைப்பிரிவு முழுவதையும் பூசப் போகிறீர்கள் என்றால், பிளெண்டிங்கை அடிப்பூச்சிலேயே முடித்துவிடுங்கள். ஈரத்தோடு ஈரமாகக் குழைப்பதை அங்கி, இறக்கை, பெரிய மிருகத்தின் உடல் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளேஸ் (மிக மெல்லிய அடுக்குகளாகப் பூசும்) முறையைத் தளபதிக்கும் தட்டையான கவசத்துக்கும் ஒதுக்குங்கள். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் கருவி) ஏற்கெனவே கையில் இருந்தால் எடுத்துப் பயன்படுத்துங்கள். இந்த வேலைக்காக மட்டும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

இதற்கான காரணம் பெயிண்டின் குணத்திலேயே இருக்கிறது. சாதாரண அக்ரிலிக்கில் நிறமி அதிகம். அடியில் இருப்பதை மறைப்பதுதான் அதன் வேலை. அதில் பிளெண்டிங் என்றால் இரண்டு நிறங்களுக்கு நடுவே இடைநிறங்களை உண்டாக்குவது. ஒரே பூச்சு பெயிண்ட் ஒளியை ஊடுருவ விடுகிறது. மேட்டு விளிம்பில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கும்படிதான் அதன் மீடியத்தை (நிறமியைச் சுமக்கும் நிறமற்ற திரவத்தை) தயாரிக்கிறார்கள். மேட்டில் படலம் மெல்லிசாக இருப்பதால் அடியில் உள்ள வெள்ளை தெரிகிறது. பள்ளத்தில் தடித்துவிடுவதால் நிறம் இருள்கிறது. ஆக, இங்கே வெளிச்சமும் நிழலும் படலத்தின் தடிமன்தான். எந்தப் பிளெண்டிங் முறையை எடுத்தாலும் அது படலத்தின் தடிமனை மாற்றும், அல்லது படலத்துக்கு அடியில் இருப்பதை மாற்றும். இதை மனதில் வைத்துக்கொண்டால், ஒரு முறை எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று பிரஷ்ஷை எடுக்கும் முன்பே ஊகித்துவிடலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. இந்தப் பெயிண்டால் அடியில் இருப்பதைவிட வெளிச்சமான ஒன்றை உண்டாக்கவே முடியாது. ஒவ்வொரு பூச்சும் இருட்டைத்தான் கூட்டும்.

பெயிண்டுகளைப் பற்றிக் கொஞ்சம்

இந்த வகையைப் பரவலாக்கியது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப். 2019 ஜூனில் 34 நிறங்களோடு சிட்டாடல் காண்ட்ராஸ்ட் வெளிவந்தது. தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு பூச்சு என்பதுதான் அதுவரை எல்லோரும் சொல்லிக்கொடுத்த பாடம். 2022-இல் டென்மார்க்கின் ஆர்மி பெயிண்டர் நிறுவனம் ஸ்பீட்பெயிண்டையும், ஸ்பெயினின் வல்லேஜோ எக்ஸ்பிரஸ் கலரையும் கொண்டுவந்தன.

பிளெண்டிங் செய்பவர் இவற்றில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. முதல் தலைமுறை ஸ்பீட்பெயிண்ட் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். சிவப்பு பூசிக் காய்ந்த கவசத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்தால், அடியிலிருக்கும் சிவப்பு எழுந்து வந்து வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும். 2023-இல் வந்த ஸ்பீட்பெயிண்ட் 2.0-இல் இதைச் சரிசெய்தார்கள். பழைய பாட்டில் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். காய்ந்த கறைக்கோட்டை ஈர பிரஷ்ஷால் தடவிக் கரைத்து மென்மையாக்க அதே குணம் உதவும். அதன் மேல் இன்னொரு அடுக்கு போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் நடுவில் ஸ்ப்ரே வார்னிஷ் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடித்தாக வேண்டும்.

ஈரத்தோடு ஈரமாகக் குழைப்பது

வெட் பிளெண்டிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பார்க்க மிக அழகான முறை, செய்யவும் சந்தோஷமான முறை. ஒரு மந்திரவாதியின் அங்கியை எடுத்துக்கொள்வோம். தோளில் ஷையிஷ் பர்ப்பிள் என்ற ஊதா, கீழ்விளிம்பில் டெரடான் டர்காய்ஸ் என்ற நீலப்பச்சை. பழைய பீங்கான் தட்டில் இரண்டையும் தனித்தனியே சில சொட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட் பேலட் (ஈரத்தாள் விரித்த கலவைத் தட்டு) இதற்கு ஒத்துவராது. தாளின் அடியிலிருந்து ஏறும் ஈரம் பெயிண்டைத் தண்ணியாக்கிப் பரப்பிவிடும். பிரஷ் மூன்று வேண்டும்: நிறத்துக்கு ஒன்றாக இரண்டு, எதையும் தொடாமல் சுத்தமாக ஒன்று.

மாடலைக் குப்புறப் படுத்தவாக்கில் பிடியுங்கள், அங்கி கூரையைப் பார்க்கட்டும். நிமிர்த்திப் பிடித்தால் ஊதா தன் பாட்டுக்கு வழிந்து நீலப்பச்சைக்குள் இறங்கிவிடும். ஊதாவைத் தோளிலிருந்து பாதிவரை பூசுங்கள். உடனே இன்னொரு பிரஷ்ஷால் கீழிருந்து நீலப்பச்சையைக் கொண்டுவந்து ஊதாவைத் தொடவிடுங்கள். சுத்தமான பிரஷ்ஷில் துளி மீடியம் எடுத்து, இரண்டும் சந்திக்கும் கோட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்ன இழுப்பு. மடிப்பு போகும் திசையிலேயே இழுத்து முடியுங்கள். கீழ்விளிம்பில் ஒரு சொட்டு திரளும். அதைப் பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். நுனி லேசாக இழுபடுவதுபோல் உணர்ந்தால் மேலே தோல் கட்ட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் ஒரு இழுப்பு போட்டாலும் படலம் கிழிந்து, அடியிலுள்ள வெள்ளை சொரசொரவென்று தெரியும். முழுசாகக் காயவிட்டு, மறுநாள் கிளேஸ் போட்டுச் சரிசெய்வதுதான் வழி.

நம் ஊர் வெயிலில் இந்த நேரம் இன்னும் சுருங்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஏப்ரல், மே மாத மதியத்தைவிட இரவு நேரம் எவ்வளவோ மேல். பெயிண்டோடு கொஞ்சம் மீடியம் கலந்துகொண்டால் இன்னும் சிறிது அவகாசம் கிடைக்கும். என் கைக்கு எக்ஸ்பிரஸ் கலர்தான் காண்ட்ராஸ்ட்டைவிட அதிக நேரம் ஈரமாக நிற்கிறது. வெட் பிளெண்டிங்குக்கென்றே வாங்கப் போகிறவருக்கு அதைத்தான் சொல்வேன்.

நிற ஜோடி விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். நிறச்சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நிறங்கள் தானாகவே குழையும்: சிவப்பும் ஆரஞ்சும், நீலமும் நீலப்பச்சையும், ஊதாவும் மெஜந்தாவும். எதிரெதிர் நிறங்கள், உதாரணமாக மஞ்சளும் ஊதாவும், சந்திக்கும் இடத்தில் சேற்றுப் பழுப்பைத்தான் தரும். மறைக்கும் பெயிண்டில் நடுவே ஒரு வெளிர்நிறத்தைச் செருகித் தப்பிக்கலாம். இங்கே அந்த வழி கிடையாது.

இந்த முறையின் பெரிய பலவீனம், அச்சு அசலாகத் திரும்பச் செய்ய முடியாததுதான். ஒரே படைப்பிரிவில் இருபது பேர் என்றால் இருபது அங்கியும் இருபது விதமாக இருக்கும். காட்டு மிருகக் கூட்டத்துக்கு அது அழகு. சீருடை அணிந்த படைக்கு அது பொருந்தாது.

இதன் எளிய வடிவம் ஒன்றும் உண்டு. ஒரே நிறத்தை நிழல் விழ வேண்டிய இடத்தில் மட்டும் வைத்து, மீடியம் தோய்த்த இரண்டாவது பிரஷ்ஷால் அதன் விளிம்பை வெளிப்பக்கமாக இழுத்து ஒன்றுமில்லாமல் ஆக்குவது. கன்னம், தசை, வாள்முனை போன்ற சின்ன இடங்களுக்கு இது போதும். தண்ணீரால் இழுக்காதீர்கள். தண்ணீர் அதிகமானால் பெயிண்டைச் சீராகப் பரவவைக்கும் குணம் போய், ஓரத்தில் வளையமாகக் கறை கட்டும். அந்தந்த நிறுவனத்தின் மீடியத்துக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

அடிப்பூச்சிலேயே பிளெண்டிங்

முதலில் மாடல் முழுவதும் கறுப்பு பிரைமர். அது காய்ந்ததும் மேலிருந்து, சூரியன் விழும் கோணத்தில், வெள்ளை ஸ்ப்ரே. தலை, தோள், மடிப்பின் மேற்பகுதி எல்லாம் வெளுக்கும், அக்குளும் கால்நடுவும் இருட்டாகவே இருக்கும். இதை ஜெனித்தல் என்பார்கள். ஸ்ப்ரேக்குப் பதில் டிரைபிரஷ்ஷில் (பெயிண்டைத் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தொடுவது) முதலில் சாம்பலும் பிறகு வெள்ளையும் தேய்த்தால் அது ஸ்லாப்சாப். இரண்டிலும் வெளிச்சமும் நிழலும் கறுப்பு வெள்ளையிலேயே தீர்மானமாகிவிடும். பிறகு பூசும் ஒரே பூச்சு பெயிண்ட் நிறத்தை மட்டும் கொடுக்கும். சாயம் ஊடுருவக்கூடியது என்பதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும் முறை இது ஒன்றுதான், அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிடிப்பு.

நேரக் கணக்கும் இதற்கே சாதகம். பத்து மாடலை ஒரு கட்டையில் வரிசையாக ஒட்டி வைத்து ஒரே மூச்சில் ஸ்ப்ரே அடித்துவிடலாம். ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற பதற்றம் எந்தக் கட்டத்திலும் இல்லை. மாடலுக்கு மாடல் ஒரே மாதிரியும் வரும். கையில் அதிகப் பழக்கம் இல்லாதவருக்குக்கூட முதல் நாளே நல்ல பலன் தரும்.

குறைகளும் உண்டு, அவை சின்னவை இல்லை. முதலாவது, நிறம் மங்குவது. கறுப்பின் மேல் விழும் சாயம் தன் பொலிவை இழக்கும். குறிப்பாக மஞ்சளில் இது கண்ணை உறுத்தும். கறுப்பின் ஓரத்தில் அயாண்டன் எல்லோ என்ற மஞ்சள் பட்டால் நிழல் பாசிப் பச்சையாகத் தெரியும், ஏனென்றால் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் கண்ணுக்குப் பச்சைதான். மஞ்சள் கவசம் பூசப் போகிறீர்கள் என்றால் கறுப்புக்குப் பதில் செம்பழுப்பில் அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் வெள்ளை கொடுங்கள். நிழல் ஆரஞ்சும் பழுப்புமாகச் சூடாக நிற்கும். சிவப்புக்கு அடியில் அடர்மெஜந்தா, தோல்நிறத்துக்கு அடியில் ஊதா கலந்த பழுப்பு. கறுப்பு என்பது பழக்கத்தில் வந்ததே தவிரக் கட்டாயம் இல்லை. இதைப் புரிந்துகொண்டதும் இந்த முறை வேறு உயரத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது குறை, டிரைபிரஷ்ஷின் பொடித்தன்மை. ரோமம், செதில், மரப்பட்டை இவற்றில் தெரியாது. தட்டையான கேடயத்திலும் டாங்கியின் பக்கவாட்டிலும் சுண்ணாம்புக் கோடு மாதிரி தெரியும், மேலே பூசும் சாயம் அதை மறைக்காது. ஸ்ப்ரே டப்பாவிலும், ரொம்பத் தூரத்திலிருந்து அடித்தால் புள்ளிப் புள்ளியாக விழும். ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் முதலில் அடித்துப் பாருங்கள். தோள்கவசத்தின் வளைவும் ஸ்பூனின் வளைவும் ஏறக்குறைய ஒன்று. அங்கே சரியாக வந்தால் மாடலிலும் வரும்.

கிளேஸ்

பொறுமை கேட்கும் முறை. ஒரு பங்கு பெயிண்டுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்கு மீடியம் கலந்து, பிரஷ்ஷை நனைத்து, துணியில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மாடலைத் தொட வேண்டும். பரப்பு பளபளவென்று நனைகிற அளவு ஈரம் இருந்தால் அது கிளேஸ் இல்லை, மறுபடியும் ஒரே பூச்சு வேலைதான். வெளிச்சத்திலிருந்து நிழலை நோக்கி இழுங்கள். பிரஷ்ஷை எங்கே தூக்குகிறீர்களோ அங்கேதான் நிறமி கூடுதலாகத் தங்கும். காயவிட்டு, முந்தையதைவிடச் சற்றுக் குறுகிய பரப்பில் அடுத்த அடுக்கு. நான்கு அடுக்குக்குள் அல்ட்ராமரீன்ஸ் ப்ளூவில் ஒரு தோள்கவசம் மேலே வெளிர் நீலமாகவும் கீழே கருநீலமாகவும் கோடே தெரியாமல் மாறும்.

ஒரே பூச்சு பெயிண்டில் கிளேஸ் செய்வது சாதாரண அக்ரிலிக்கில் செய்வதைவிட எனக்கு எளிதாகப் படுகிறது. வெள்ளை நிறமி கலந்த அக்ரிலிக்குகளை மெல்லிசாக்கினால் மாவு படிந்ததுபோல் மங்கும். இங்கே சாயம் பிறவியிலேயே ஊடுருவக்கூடியது, எவ்வளவு மீடியம் கலந்தாலும் தெளிவாகவே நிற்கும். காய்ந்ததும் கரையாத பெயிண்ட் வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை: காண்ட்ராஸ்ட், எக்ஸ்பிரஸ் கலர், ஸ்பீட்பெயிண்ட் 2.0 எதுவானாலும் சரி.

கிளேஸின் இன்னொரு உபயோகத்தைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே பூச்சு காய்ந்த பிறகு, இருண்டுவிட்ட மேடுகளில் சாதாரண வெளிர் அக்ரிலிக்கால் வெளிச்சத்தைத் திரும்ப வரையலாம். அது ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் மேல் அதே காண்ட்ராஸ்ட்டை நிறைய மீடியத்தோடு ஒரு கிளேஸ் விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். தளபதியின் முகத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கில்லிமேன் ஃப்ளெஷ் என்ற தோல்நிற காண்ட்ராஸ்ட் ஒரு பூச்சு, நெற்றி, மூக்கு, கன்ன எலும்பில் வெளிர் தோல்நிறம், பிறகு அதே கில்லிமேன் ஃப்ளெஷ் கிளேஸாக. கண்ணுக்குக் கீழும் தாடையிலும் துளி ஊதா கிளேஸ் விட்டால் முகம் உயிர் பெறும்.

நேரம்தான் விலை. ஒரு மாடலுக்கு ஒரு மாலை சரி. முப்பது பேர் கொண்ட படைக்கு இதைத் தொடங்கினால் பாதியிலேயே அலுத்து, பெட்டியை மூடி வைத்துவிடுவீர்கள்.

ஏர்பிரஷ்

காண்ட்ராஸ்ட் வகைப் பெயிண்டைப் பெரும்பாலும் கலக்காமலே, குறைந்த அழுத்தத்தில் அடிக்கலாம். நிறமாற்றம் வழவழவென்று வரும். டிராகனின் இறக்கைக்கும் டாங்கிக்கும் இதற்கு நிகர் இல்லை. ஆனால் தூவலாக விழும் சாயம் பள்ளத்துக்கு ஓடித் தேங்குவதில்லை, அதனால் இந்தப் பெயிண்டின் பிரதான குணமே இல்லாமல் போகிறது. நிழலைத் தனியாகப் பூச வேண்டியிருக்கும். கம்ப்ரசர் செலவு, ஒவ்வொரு நிறத்துக்கும் நாசில் கழுவுவது, முகமூடி, காற்றோட்டமான இடம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பரப்பைப் பாருங்கள், அப்புறம் எண்ணிக்கையைப் பாருங்கள். ரோமமும் செதிலும் சுருக்கமும் நிறைந்த மாடல் என்றால் ஸ்லாப்சாப்பும் ஒரு பூச்சுமே போதும். அங்கே பிளெண்டிங்குக்கு மெனக்கெடுவது யார் கண்ணுக்கும் தெரியாது. வழவழப்பான கவசம் அணிந்த படை என்றால் ஸ்ப்ரே ஜெனித்தல் செய்து, பூசும்போது தேங்கிய சொட்டுகளை உடனுக்குடன் பிரஷ்ஷால் உறிஞ்சிவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் வைத்து விளையாடும் தூரத்துக்கு அது தாராளம். படையின் நடுவே நிற்கும் தளபதிக்கும் அதே அடிப்பூச்சுதான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வேறு படையிலிருந்து வந்தவர்போல் தெரிவார். அதன் மேல் முகத்துக்கும் அங்கிக்கும் மட்டும் கிளேஸ். பெரிய மிருகம் என்றால் முதுகிலிருந்து வயிறுவரை வெட் பிளெண்டிங், காய்ந்ததும் டிரைபிரஷ்.

முறைகளைக் கலக்கத் தயங்க வேண்டாம். ஜெனித்தல் அடித்த அங்கியின் மேல் ஊதாவையும் நீலப்பச்சையையும் ஈரமாகக் குழைத்தால், குழைப்பு சரியாக வராத இடத்தைக்கூட அடியிலுள்ள வெளிச்சம் தாங்கிப் பிடிக்கும். புதிதாகத் தொடங்குபவர் வெட் பிளெண்டிங் பழக இதுதான் பாதுகாப்பான வழி. அங்கியும் கவசமும் ஒரே மாடலில் இருந்தால், அங்கியை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். வழியும் சாயம் கவசத்தில் பட்டாலும் அந்த இடத்தை ரெய்த்போன் அல்லது கிரே சீர் என்ற வெளிர் அடிப்பூச்சு பெயிண்டால் மூடிவிட்டுத் தொடரலாம். இந்த இரண்டு நிறங்களும் ஸ்ப்ரேயாகவும் பிரஷ்ஷால் பூசும் பெயிண்டாகவும் ஒரே நிறத்தில் கிடைப்பதால் ஒட்டுப்போட்டது தெரியாது.

எந்த முறையானாலும் வார்னிஷ் இல்லாமல் விடாதீர்கள். இந்தச் சாயப் படலம் மேட்டு விளிம்பில் மிக மெல்லிசு. விளையாடும்போது விரல் உரசியே மூக்கு நுனியும் தோள் விளிம்பும் வெளுத்துவிடும், நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த குழைப்பும் அதோடு போகும். கிளேஸ் வேலை நடக்கும்போதே மாடலைத் தக்கையிலோ கைப்பிடியிலோ ஒட்டிப் பிடித்துக்கொள்வது நல்லது. கடைசியில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தால், பூச்சுக்குப் பூச்சு மாறித் தெரியும் மினுமினுப்பும் ஒரே சீராகி, குழைப்பு இன்னும் மென்மையாகத் தெரியும். சென்னை மாதிரி கடலோர ஊரில், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே வார்னிஷ் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது அது பனி படர்ந்ததுபோல் வெண்மையாகப் பூத்துவிடும், அடர்நிறங்களில் அது அப்பட்டமாகத் தெரியும். அந்த மாதங்களில் பிரஷ்ஷால் பூசும் மேட் வார்னிஷ்ஷை மெல்லிசாக இரண்டு முறை கொடுங்கள். பழைய ஸ்பீட்பெயிண்ட் பூசிய மாடலாக இருந்தால் மட்டும், ஈரப்பதம் குறைந்து வெயிலடிக்கும் ஒரு நாள் வரும்வரை காத்திருந்து ஸ்ப்ரேயே அடியுங்கள்; பிரஷ் வார்னிஷ்ஷின் ஈரம் பட்டால் அடியிலுள்ள சாயம் கரைந்துவிடும்.